பம்பு ஓடிக்கொண்டிருக்கட்டும்

மாலை நேரத்தில் அந்தக் கால்வாய்க் கரையில் காலாற நடப்பவர்களிடம், இந்தத் தண்ணீர் முன்பெல்லாம் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது, பிறகு கறுத்துப்போய் ஓடவே மறந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சாயச்சாலை இருந்த இடத்தில் இப்போது குழந்தைகள் நீச்சல் பழகுகிறார்கள். தறிக்கூடத்துக்குள்ளே தச்சரும் தையல்காரியும் வாத்தியம் பழகுகிறவர்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரை இப்படி மாற்றிக் கொடுக்க மேலிடத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. ஊர்க்காரர்களே செய்தார்கள். அதுவும் எப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்? ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். ஆச்சரியப்பட வேண்டியது அதைத்தான்.

அவர்களில் ஒருத்தி வாசலக்கா. பெரிய மில்லில் நெசவுக்காரியாக இருந்தவள். ஆள் குள்ளம், குரல் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். அவளுக்கு ஒரு தங்கை. சின்னவள் என்றுதான் மில்லில் எல்லோரும் கூப்பிட்டார்கள். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த தறி. கல்யாணமான பிறகு மில் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்.

தறிக்கூடத்துக்குள் போயிராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின்கீழ் அடிக்கும்போது, பக்கத்திலிருப்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால் பேசினார்கள். யாரும் பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்த பாஷை இல்லை. நூல் அறுந்துவிட்டது என்பதற்கு இரண்டு விரலைப் பிரிப்பார்கள். சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு மூக்கை இழுத்துக் காட்டுவார்கள், அவர் மூக்கு அப்படி. வம்பு, வசவு, பெண் பார்க்கும் பேச்சு எல்லாம் கையிலேயே நடந்து முடிந்துவிடும்.

அதில் ஒரு சைகையை ஒவ்வொருத்தியும் தினமும் பலதடவை காட்டியிருப்பாள். ஒருத்தி தண்ணீர் குடிக்கவோ பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ போக வேண்டுமென்றால், பக்கத்துத் தறிக்காரி தன் கண்ணைத் தொட்டு, அவளுடைய தறியைக் காட்டி, உள்ளங்கையை வெளிப்பக்கம் வீசுவாள். உன் தறியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்விட்டு வா என்று அர்த்தம். போனவள் திரும்பி வந்ததும் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வந்துவிட்டேன், இனி நீ உன் தறியைப் பார். அவ்வளவுதான். நன்றி என்பதற்கெல்லாம் தனியாக ஒரு சைகை வைத்துக்கொள்ளவில்லை, நேரம் ஏது?

அங்கே மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டென்றால் அது முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஒருத்தி கை காட்டும்போது பார்க்காமல் போவது, அவள் வாயைப் பொத்துவதைவிட மோசம். அப்படிப் போகிறவள் முதுகில் நூல் கழிவை உருண்டையாக உருட்டி எறிவார்கள்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. பாதித் தறிகளை நிறுத்தி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக நிர்வாகம் சொன்னது. எல்லோரும் வெளியே வந்து மில் வாசலில் உட்கார்ந்தார்கள். கால்வாய் மில்லுக்கு நேர் முன்னால் ஓடுகிறது. அதன் மேல் ஒரு சின்னக் கல்பாலம், பாலத்தைத் தாண்டினால் வாசல். அந்தப் பாலத்தடியில் வெயிலிலும் மழையிலும் முதல் ஆளாக நின்று குரல் கொடுத்ததால்தான் அவளுக்கு வாசலக்கா என்ற பேரே வந்தது.

சின்னவளின் கணவர் அப்போது மில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நெஞ்சு முழுக்கப் பஞ்சுத் தூசி, மூச்சு விடக் குழாய் வேண்டியிருந்தது. வேலைக்கு வராதவர்களின் குடும்பத்துக்கு இனி அங்கே படுக்கை கிடையாது என்று நிர்வாகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மறுநாள் காலையில் சின்னவள் சாப்பாட்டுத் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தாள். கோஷம் காதைப் பிளந்தது. வாசலக்கா கையை உயர்த்தி அவளுக்கு ஏதோ காட்டினாள். சின்னவள் பார்க்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னால் நின்றவர்களுக்கு வாசலக்காவின் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அது போதாதா? இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று கையை உதறிவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. சின்னவளின் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது. வாசலக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தான் காட்டியது என்ன என்பதை அவள் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

சின்னவளுக்குப் பின்னால் இன்னும் பலர் உள்ளே போனார்கள். அப்படியும் மில் ஒரு வருஷம் தாங்கவில்லை. முதலாளிகள் தறிகளை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு ஊரைக் கைகழுவினார்கள். அந்த மில்லை நம்பியிருந்த சின்ன மில்களும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. போனவர்கள் போய்விட்டார்கள், இருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். ஊர் இரண்டாக நின்றது. ஒரு பக்கம் வாசல்காரர்கள், இன்னொரு பக்கம் உள்ளே போனவர்கள். டீக்கடை இரண்டு, சலூன் இரண்டு. ஒரு பக்கத்துக் கல்யாணத்துக்கு இன்னொரு பக்கம் எட்டிப் பார்க்காது. சண்டை போட்ட மில் இல்லை, சண்டை மட்டும் இருந்தது.

சின்னவளின் கணவர் போய்ச் சேர்ந்தபோது வாசலக்கா அந்த வீட்டுக்குப் போனாள். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், பாத்திரம் அத்தனையும் கழுவிக் கவிழ்த்தாள், தரையைத் துடைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. சின்னவளும் திறக்கவில்லை. அவள் முதலில் பேசட்டும் என்று இவளும், இவள் முதலில் பேசட்டும் என்று அவளுமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிப்போயிற்று.

ஒரே சுவர், ஒரே குழாய், பேசாமல் முடியுமா? அதற்குத்தான் வாசலக்காவின் வீட்டுக்காரர் இருந்தார். தறி மெக்கானிக்காக இருந்து, அந்த இரைச்சலுக்கே காதைக் கொடுத்துவிட்டவர். ஊரில் பாதிப் பேருக்குக் காது மந்தம், அவருக்கு முக்கால் மந்தம்.

"மாமா, குழாயில தண்ணி வந்துடுச்சு. வேணுங்கறவங்க பிடிச்சுக்கலாம்னு சொல்லுங்க," என்பாள் சின்னவள். வாசலக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

"எங்களுக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க," என்பாள் வாசலக்கா.

"ரெண்டு பேரும் சொல்லியாச்சா?" என்று மாமா இருவரையும் பார்ப்பார். "அப்ப நான் டீ குடிக்கப் போறேன்."

இப்படி இருந்த ஊரில் கால்வாயைத் தொட்டது ஒரு வெளியூர்க்காரி. அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸம்மா. தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கால்வாயைத் தாண்டி வேலைக்குப் போனவள், ஒரு லீவு நாளில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சாக்கும் குச்சியுமாகத் தனியாளாக உள்ளே இறங்கிவிட்டாள். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த லீவு நாளிலும் இறங்கினாள். சிரிப்பு குறைந்தது. அதற்கடுத்த தடவை பேக்கரிக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். அவர் வாசல்காரர்களில் முக்கியமான ஆள், வேலைநிறுத்தத்தில் வாசலக்காவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

"வெளியூர் பொம்பளை நம்ம குப்பைய அள்ளுது. நாம பன்னு வித்துக்கிட்டு நிக்கிறோம். வெக்கமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே பேன்ட்டை மடித்துவிட்டார்.

வாசல்காரர் ஒருவர் இறங்கிய பிறகு உள்ளே போனவர்கள் சும்மா இருப்பார்களா? லாண்டரிக்காரர் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் இருபது பேர் என்றால் அந்தப் பக்கம் முப்பது பேர். டீச்சர்கள் வந்தார்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், மூட்டுவலிக்காரர்கள் கரையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டு பொறுக்கினார்கள். உள்ளே என்னதான் இல்லை? சைக்கிள், சலூன் நாற்காலி, யாரோ துணிந்து வீசிய ஒரு பீரோ, தறியில் நூலை இழுத்து ஓடிய நாடாக்கட்டைகள் அழுகாமல் சாக்குச் சாக்காக. ஏட்டிக்குப் போட்டியாகத் தொடங்கியது, போகப்போக ஊரையே பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்த அலுப்போடு ஒவ்வொரு சாயங்காலமும் சேற்றில் இறங்கிய அந்த ஜனங்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அந்த நேரம் பார்த்து மாநகராட்சி ஒரு திட்டத்தோடு வந்தது. கால்வாயைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே லாரிகள் போக ரோடு. மில் வாசல் கல்பாலத்தையும் இடித்துவிடுவார்கள். நர்ஸம்மா ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு இன்ஜினியரைப் பார்க்கப் போனாள். அவர் கெட்ட மனிதரில்லை.

"ஓடற கால்வாய மூட எனக்கும் மனசு வராது. இது ஓடலியே," என்றார். "மழை முடிஞ்சதும் ஏரி மதகத் திறப்போம். அன்னிக்குத் தண்ணி ஊர்க்கோடியில இருக்கற கீழ்ப்பாலம் வரைக்கும் வந்து சேர்ந்துச்சுன்னா திட்டத்த நானே கிழிச்சுப் போடறேன். வரலன்னா என்னைத் தடுக்காதீங்க."

கால்வாய் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவளாக வாசலக்கா ஒருவேளை இருந்திருப்பாள், பாலம் போவதை மட்டும் அவளால் தாங்க முடியாது. சின்னவள் முகத்தைத் திருப்பியது அந்தப் பாலத்தின் மேல்தான். தினமும் அதைப் பார்க்கிறவரையில் அந்தப் பேச்சு முடியவில்லை, பாக்கி இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. பாலத்தை இடித்து மேலே ரோடும் போட்டுவிட்டால், தானும் தங்கையும் பேசாமலே செத்துப்போவோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இதை யாரிடம் சொல்வது? சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சண்டை வராமலிருக்க நர்ஸம்மா வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். மேல்பாலத்திலிருந்து மில் வாசல்வரை வாசல்காரர்கள், கீழ்ப்பாலத்திலிருந்து மில் வாசல்வரை உள்ளே போனவர்கள். பாவம், ஊருக்குப் புதியவள். மில் வாசல் என்றால் அந்த ஜனங்களுக்கு என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மதகு திறக்கிற நாள் காலையில் அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தாள். பாலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மேலேயும் சுத்தம், கீழேயும் சுத்தம். கல்பாலத்துக்கு நேர் அடியில் மட்டும் சேறும் கந்தலும் கம்பியுமாக ஆள் உயரத்துக்கு ஒரு மேடு, கால்வாயை அடைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வாசல்காரர்கள் பாலத்துக்கு முன்னாலேயே மண்வெட்டியை வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் பாலத்துக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் போய் நின்றால் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அது அவர்களுடைய பங்கு என்று இவர்களும், இவர்களுடைய பங்கு என்று அவர்களும் மனதாரத் தீர்மானித்துக்கொண்டார்கள். ஊர் மொத்தமும் சேர்ந்து இப்படி ஒரு தப்பைச் செய்ய அந்த ஊரால்தான் முடியும்.

"உங்க சண்டை எனக்கு வேண்டாம்," என்றாள் நர்ஸம்மா. "மத்தியானம் தண்ணி வந்துடும். இந்த மேடு நின்னா எல்லாம் போச்சு. யாரு பங்குன்னு பேசிக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

பேக்கரிக்காரர்தான் முதலில் இறங்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து லாண்டரிக்காரர் இறங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே மேட்டை வெட்டினார்கள்.

மண் அள்ளும் இயந்திரம் பாலத்தடியில் நுழையாது. கையால்தான் அள்ள வேண்டும். ஊறி நின்ற கறுப்புத் தண்ணீரை இறைக்க இந்தப் பக்கம் ஒரு டீசல் பம்பு, அந்தப் பக்கம் ஒரு டீசல் பம்பு. இந்தப் பம்பை மாமா ஓட்டினார். இரண்டும் சேர்ந்து முடுக்கியதும் பாலத்தடி அதிர்ந்தது. நர்ஸம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள், ஒரு எழுத்து கேட்கவில்லை. சரி, எல்லாம் கெட்டது என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவளுக்குத்தான் அது இரைச்சல். மற்றவர்களுக்கு அது தறிக்கூடம்.

முதலில் யார் கையைத் தூக்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூடை கொண்டு வா என்று ஒரு கை, கம்பி சிக்கியிருக்கிறது என்று இரண்டு விரல், நிறுத்து, இழு, மெதுவாக. வாசல்காரர் காட்டினார், உள்ளே போனவர் கொண்டுவந்து கொடுத்தார். வாயால் பேச மாட்டோம் என்றுதானே வைராக்கியம்? கையைப் பற்றி யாரும் சத்தியம் செய்யவில்லையே. கொஞ்ச நேரத்தில் கூடைகள் இரண்டு கரைக்கும் ஒரே வரிசையாகப் போகத் தொடங்கின. ஒரு வாசல்காரர், ஒரு உள்ளே போனவர், ஒரு டீச்சர், ஒரு டிரைவர் என்று கலந்துகட்டி நின்றார்கள். நர்ஸம்மா வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் அடிவயிற்றுக்குள் குனியாமல் நிற்கக் குள்ளமான ஆட்கள் வேண்டியிருந்தது. சின்னவள் போனாள். அந்தக் குடும்பமே குள்ளம். பம்புக்காரர்களுக்குப் பாலத்தடி தெரியாது, பாலத்தடியில் இருப்பவர்களுக்குப் பம்பு தெரியாது. இரண்டும் தெரிகிற இடம் கரையோரப் படிக்கட்டு ஒன்றுதான். அங்கே நின்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டும். எல்லோருடைய கண்ணும் தானாக வாசலக்கா பக்கம் திரும்பியது.

அவள் படியில் ஏறி நின்றாள். கீழே தங்கை. தண்ணீர் கூடினால் சின்னவள் நிமிர்ந்து பார்த்தே தீர வேண்டும், இவள் மாமாவுக்குக் காட்டியே தீர வேண்டும். முதல் தடவை சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. காதோரத்தில் நரை வந்திருந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்று சின்னவள் காட்டினாள். பம்பை ஏற்றச் சொல்லி வாசலக்கா காட்டினாள். வேலைப் பேச்சுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அடுத்து எப்போது நிமிர்வாள் என்று வாசலக்கா காத்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில் சாயும்போது மேடு முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. மதகைத் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கீழ்ப்பாலத்தில் இன்ஜினியர் வந்து நிற்பதாகவும் சொன்னார்கள். வாசலக்கா மேல்திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சருகும் நுரையுமாக முதல் தண்ணீர் திரும்பி வருவது தெரிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினாள். எல்லோரும் மேலே. வரிசை கலைந்து ஆட்கள் மடமடவென்று கரையேறினார்கள்.

சின்னவள் மட்டும் ஏறவில்லை. கடைசியாகக் கிடந்த ஒரு கம்பிச் சுருளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம், முகம் அந்தப் பக்கம். வாசலக்கா கத்தினாள். இரண்டு ஆள் குரல் அந்த இரைச்சலில் எங்கே எடுபடும்? தண்ணீர் மேட்டுக்குப் பின்னால் வந்து மோதி ஏறியது. மேடு ஊறிப்போய் விளிம்பில் உதிரத் தொடங்கியது.

வாசலக்கா குனிந்து கைகொள்ளாத சேற்றை அள்ளினாள். உருட்டினாள். தங்கையின் முதுகைக் குறிபார்த்து எறிந்தாள். சும்மா எறியவில்லை, இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து எறிந்தாள்.

பளாரென்று விழுந்தது. சின்னவள் எரிச்சலோடு திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கம்பியைப் போட்டுவிட்டுத் தாவினாள். வாசலக்கா படியிலிருந்து கையை நீட்டி, மணிக்கட்டைப் பிடித்து, ஒரே இழுப்பில் மேலே தூக்கிவிட்டாள். இருவரும் படியிலேயே விழுந்தார்கள். கீழே மேடு உடைந்தது. தண்ணீர் பாலத்தடியைப் புரட்டிக்கொண்டு மறுபக்கம் பாய்ந்தது. அதன் பின்னாலேயே கூட்டத்தில் பாதி கீழ்ப்பாலத்தை நோக்கி ஓடியது.

மாமாவும் எதிர்ப்பக்கத்தாரும் பம்புகளை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கீழ்ப்பாலத்திலிருந்து சைக்கிள் மணிகளும் பஸ் ஹாரனும் ஒன்றாகக் கேட்டன. தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஓடியவர்கள் திரும்பி வந்து இரு கரையிலும் நின்றார்கள். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். நாள் முழுக்க ஒருவர் கையிலிருந்து ஒருவர் கூடை வாங்கியவர்களுக்கு இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேக்கரிக்காரர் பேன்ட்டைத் தட்டினார். லாண்டரிக்காரர் வானத்தைப் பார்த்தார். நல்ல அமைதி, பழைய அமைதி. விட்டால் அப்படியே ஆளுக்கொரு பக்கம் நடந்துவிடுவார்கள்.

வாசலக்கா தங்கையின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள். மெல்ல விட்டாள். பேச வேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஊரையே அதட்டிய வாய், ஒரு வார்த்தைக்கு வக்கற்றுத் திரும்ப மூடிக்கொண்டது. சின்னவளும் ஏதோ சொல்ல வந்து முழுங்கினாள். கண்ணிலிருந்த சேற்றைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு, தலையைத் திருப்பாமலே, வழக்கம்போலச் சொன்னாள்.

"மாமா, அந்தப் பம்ப இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க."

மாமாவுக்குக் காதுதான் மந்தம். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி முடுக்கினார். எதிர்க்கரையில் லாண்டரிக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு தன் பக்கத்துப் பம்பையும் முடுக்கச் சொன்னார். இரண்டு பம்பும் கால்வாய்த் தண்ணீரை உறிஞ்சிக் கால்வாயிலேயே கொட்டத் தொடங்கின. உலகத்தில் அதைவிட வெட்டி வேலை இருக்க முடியாது.

இரைச்சல் எழுந்ததும் சின்னவள் நேராகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். பாலத்தைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்தாள். அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னாய்?

வாசலக்கா சுற்றிலும் பார்த்தாள். கரை நிறைய வாசல்காரர்கள். அவளோடு வெயிலில் காய்ந்தவர்கள், அவள் சொன்னாள் என்பதற்காக உள்ளே போகாமல் இருந்தவர்கள். பேக்கரிக்காரர் நேர் எதிரே நின்றார். அந்தக் கையைப் படிக்கத் தெரியாதவர் அங்கே நர்ஸம்மாவைத் தவிர யாருமில்லை. காதோடு காதாகச் சொல்லித் தப்பிக்க இது வாய்ப்பேச்சில்லை. காட்டினால் இத்தனை பேருக்கும் தெரியும். வாசலக்காவே வாசலை விட்டுக்கொடுத்தாள் என்று தெரியும்.

அவள் கையைத் தூக்கினாள். அன்று போல உடம்போடு ஒட்டி மறைத்து இல்லை, எல்லோரும் பார்க்கட்டும் என்று நன்றாகவே தூக்கினாள். தன் கண்ணைத் தொட்டாள். தங்கையைக் காட்டினாள். உள்ளங்கையை வெளிப்பக்கம் வீசினாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய்விட்டு வா.

பேக்கரிக்காரர் வாசலக்காவை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது, அழப்போகிறாரா திட்டப்போகிறாரா என்றே தெரியவில்லை. கடைசியில் அவர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எதிர்க்கரையில் நின்ற லாண்டரிக்காரர் பக்கம் திரும்பினார். உன் பெண் எப்படி இருக்கிறாள் என்று கையால் கேட்டார். கல்யாணமாகிவிட்டது, இரண்டு குழந்தை என்று லாண்டரிக்காரர் காட்டினார். எனக்குச் சொல்லவே இல்லையே என்று பேக்கரிக்காரர் கையை விரித்தார். அவ்வளவுதான், இரு கரையிலும் கைகள் எழுந்துவிட்டன. செத்தவர்களை விசாரித்தார்கள், பிறந்தவர்களை விசாரித்தார்கள். யாரோ அந்த சூப்பர்வைசரின் மூக்கை இழுத்துக் காட்ட, கரை முழுக்கத் தோள்கள் குலுங்கின.

இன்ஜினியர் கீழ்ப்பாலத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். திட்டத்தைக் கிழித்துப் போடுவதாகச் சொல்லத்தான் வந்திருந்தார், பாவம். வாயைக் குவித்து நர்ஸம்மாவின் காதில் கத்தினார். அவள் கேட்கவில்லை என்று தலையாட்டினாள். தண்ணீர்தான் வந்துவிட்டதே, பம்பு எதற்கு என்று அவர் கையைக் காட்டிக் கேட்டார். அதற்கு மட்டும் அவள் பதில் சொன்னாள். உதட்டில் விரலை வைத்து, சும்மா இருங்கள் என்றாள்.

சின்னவள் படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் கை கீழே இறங்கிய பிறகும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சைகையைப் பார்க்காமல் போனதற்கு எத்தனை வருஷம். கண்ணிலிருந்து வழிந்தது சேற்றில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது, துடைக்கவில்லை. வாசலக்காவும் அழுதாள், அவளுக்கு மறைக்கவும் தோன்றவில்லை.

பிறகு சின்னவள் ஒரு படி ஏறி அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். சேறு அப்பிய கையைத் தூக்கி, தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள்.